ஊர் வரலாறு எழுத ஆதாரம் தேடுவது எப்படி: கோயில் சுவரிலிருந்து ‘அ’ பதிவேடு வரை

ஊர் வரலாறு எழுத உட்காருபவர்களில் பலர் தலபுராணத்தில் தொடங்கி, கும்பாபிஷேக மலரில் முடித்துவிடுகிறார்கள். இடைப்பட்ட நூற்றாண்டுகளின் கல்லும் ஓலையும் காகிதமும் தொடப்படாமலே கிடக்கின்றன. தமிழ்நாட்டில் ஓரளவு பழைய ஊர் என்றால் ஏதாவது ஓர் ஆவணம் எங்காவது இருக்கும். அதை எந்தப் பெயரில், எந்த வரிசையில் தேடுவது, கிடைத்ததை எவ்வளவு நம்புவது என்பதற்கான வழிகாட்டி இது.

தேடத் தொடங்கும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைக்கும் ஆவணம் எதுவும் நமக்காக எழுதப்பட்டதல்ல. கல்வெட்டு தானத்தைக் காப்பாற்ற வெட்டப்பட்டது. பதிவேடு வரி வாங்க எழுதப்பட்டது. மனு ஒரு காரியம் சாதிக்க எழுதப்பட்டது. எந்தக் காரியத்துக்காக என்று தெரிந்தால்தான், அது எதில் கவனமாக இருந்திருக்கும், எதை விட்டிருக்கும், எதில் மிகைப்படுத்தியிருக்கும் என்று ஊகிக்க முடியும்.

1. முதலில் ஊரின் பெயர்கள்

ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் ஊருக்கு இருந்த எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். இன்றைய பெயர், பேச்சு வழக்கு, தேவாரத்திலோ பிரபந்தத்திலோ இருந்தால் அந்தப் பெயர், கல்வெட்டில் வரும் சதுர்வேதிமங்கலப் பெயர் (பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த ஊருக்கு வைத்த பெயர்), ஆங்கிலேயர் எழுதிய திரிபு எல்லாம் வேண்டும். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆகவும் தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆகவும் இருந்ததை நினைத்தால், சிற்றூர்ப் பெயர்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று புரியும். ஒரே ஊருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் இருப்பது சாதாரணம். ஆவணங்களின் சுட்டியில் (இன்டெக்ஸ்) அத்தனையையும் தேட வேண்டும்.

பெயரைவிட அதிகம் ஏமாற்றுவது மாவட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் இன்று விருதுநகர் மாவட்டம். 1910 வரை அது திருநெல்வேலியில் இருந்தது, பிறகு இராமநாதபுரத்தில், 1985 முதல்தான் இன்றைய மாவட்டத்தில். ஆகவே 1880-இன் கோப்பை இராமநாதபுரம் சுட்டியில் தேடினால் கிடைக்காது. கரூரும் அப்படித்தான். 1910 வரை கோயம்புத்தூர், பிறகு திருச்சிராப்பள்ளி. ‘எங்கள் ஊரைப் பற்றி ஆவணக்காப்பகத்தில் ஒன்றுமே இல்லை’ என்று திரும்புகிறவர்களில் பலர் தவறான மாவட்டத்தில் தேடியவர்கள்.

சோழர் காலத்திலும் இதே சிக்கல் உண்டு. ராஜராஜன் வளநாடுகளுக்கு (பல ‘நாடு’கள் அடங்கிய பெரிய பிரிவுகளுக்கு) தன் பட்டப்பெயர்களைச் சூட்டினான்: நித்தவினோத வளநாடு, அருமொழிதேவ வளநாடு, க்ஷத்திரியசிகாமணி வளநாடு. பின்வந்தவர்கள் மாற்றினார்கள். வளநாட்டின் பெயர் மாறும். அதற்குள் இருக்கும் ‘நாடு’ அவ்வளவு எளிதில் மாறாது. உங்கள் ஊர் எந்த நாட்டில் இருந்தது என்பதைப் பிடித்துக்கொண்டால் அக்கம்பக்கத்து ஊர்க் கல்வெட்டுகளும் கைக்கு வரும்.

2. வெளியான கல்வெட்டுகளைத் தேடுதல்

கோயிலுக்கு ஓடும் முன் நூலகத்துக்குப் போங்கள். சுவரில் நீங்கள் பார்க்கும் எழுத்தை நூறு ஆண்டுக்கு முன்பே யாராவது மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் நகல்) எடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

1919-இல் வி. ரங்காச்சாரியா மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியலில் தொடங்குவது எளிது. மாவட்டம், தாலுகா, ஊர் என்ற வரிசையில் இருக்கும். அன்றைய தாலுகாவைப் பாருங்கள், இன்றையதை அல்ல. அதன் பிறகு கண்டெடுத்தவற்றுக்கு மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள். இவை 1887 முதல் வருகின்றன. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆண்டும் எண்ணும் உண்டு; அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அதன் முகவரி. அடுத்து, 1890-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை. இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு உரியது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளும், தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழும் அண்மைக் கண்டுபிடிப்புகளுக்கு.

இங்கே ஒரு பள்ளம். ஆண்டறிக்கையில் இருப்பது சுருக்கம், மூலம் அல்ல. ‘விளக்கெரிக்க 90 ஆடு கொடுத்ததைக் கூறுகிறது’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். ஆனால் நான்கெல்லை, வாய்க்கால் பெயர், கையெழுத்திட்டவர்கள் என்று ஊர் வரலாற்றுக்கு வேண்டியதெல்லாம் மூலத்தில்தான் இருக்கும். சுருக்கத்தைப் படித்துவிட்டு ‘கல்வெட்டு சொல்கிறது’ என்று எழுதாதீர்கள். மூலம் அச்சாகாவிட்டால் மைப்படியைப் பார்க்க கல்வெட்டுத் துறைக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டறிக்கை எண் இல்லாமல் கேட்டால் அவர்களாலும் எடுத்துத் தர முடியாது.

3. சுவருக்கு முன்னால்

அச்சான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது கோயிலுக்குப் போகலாம். மாலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது. வெயில் இல்லையென்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது ஏறியிருக்கட்டும், இல்லையேல் வரிகளை ஒட்டவைக்க முடியாது. ஓர் அளவுகோலும் படத்தில் வரட்டும். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய், விபூதி எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். படம் பிடிக்கும் முன் கோயில் நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றுவிடுங்கள்.

இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள். ‘கோயில் சுவர்’ என்றால் போதாது. ‘கருவறை வடபுறம், ஜகதி, கிழக்கிலிருந்து இரண்டாம் கல், குமுதத்தில் தொடர்ச்சி’ என்று எழுத வேண்டும் (ஜகதியும் குமுதமும் சுவருக்குக் கீழே உள்ள அடித்தள அடுக்குகள்). காரணம், திருப்பணியில் கற்கள் இடம் மாறும். வரி நடுவில் அறுந்து வேறு செய்தி தொடங்கினால் கல்லைத் திருப்பியோ மாற்றியோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இடிந்த பக்கத்து ஊர்க் கோயிலின் கல் உங்கள் ஊர்த் தளத்தில் பதிந்திருக்கவும் கூடும். எனவே கல்வெட்டுக்குள் வரும் இறைவன் பெயரும் ஊர்ப் பெயரும் இந்தக் கோயிலுக்கு உரியவைதானா என்று முதலில் பாருங்கள்.

எழுத்து அமைதி (எழுத்தின் வடிவம்) பிற்காலத்தது, செய்தி முற்காலத்தது என்றால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். செங்கல் கோயிலைக் கற்றளியாக மாற்றும்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டுவது வழக்கம். செம்பியன் மாதேவி திருப்பணி செய்த திருக்கோடிகாவலில் பல்லவர் காலச் செய்திகள் இப்படித்தான் பிழைத்தன. ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று கல்லே சொல்லிவிடும். அது நகல். படியெடுத்தவர் பிழையும் சேர்ந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம்.

4. காலக்கணக்கு: அதிகம் தவறும் இடம்

அரசன் பெயர் இல்லாமல் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் விஜயாலயனா, முதலாம் பராந்தகனா, உத்தமசோழனா, முதலாம் ராஜேந்திரனா என்று சொல்ல முடியாது. பரகேசரி, இராசகேசரி என்று சோழர்கள் மாறிமாறிச் சூடிய பட்டம் அது. ‘மதுரை கொண்ட’ என்று அடைமொழி வந்தால் பராந்தகன். மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ் பாடும் தொடக்க வரிகள்) இருந்தால் வேலை சுலபம்: ‘திருமகள் போல’ என்றால் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் ராஜேந்திரன், ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். எதுவும் இல்லாமல் எழுத்தமைதியை மட்டும் வைத்துக் காலம் சொன்னால், நூற்றாண்டு அளவில் சொல்லுங்கள், ஆண்டு சொல்லாதீர்கள்.

ஆட்சியாண்டைப் பொது ஆண்டாக மாற்றும்போது ஒன்றைக் கழிக்க மறப்பார்கள். ராஜராஜன் 985-இன் நடுவில் அரசுகட்டில் ஏறினான். அவனுடைய 29-ஆம் ஆண்டு 985 + 29 − 1, அதாவது 1013 நடுவிலிருந்து 1014 நடுவரை. வெறுமனே கூட்டினால் ஓராண்டு தள்ளிப்போகும். பாண்டியர் கல்வெட்டில் ‘இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது’ என்றால் இரண்டையும் கூட்டிப் பதினைந்தாக எடுத்துக்கொள்வார்கள். ஜடாவர்மன் சுந்தரபாண்டியன், மாறவர்மன் சுந்தரபாண்டியன் என்று ஒரே பெயரில் பலர் இருப்பதால், கல்வெட்டிலுள்ள கிழமையும் நட்சத்திரமும் திதியும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பாண்டியனை அடையாளம் சொல்வது ஆபத்து.

பிற்கால ஓலைக்கும் காகிதத்துக்கும் ஐந்து கணக்குகள் தெரிந்தால் போதும். 1876 ஐப்பசியில் எழுதிய ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்வோம். அது தாது வருஷம், சக ஆண்டு 1798 (பொது ஆண்டு பெற 78 கூட்ட வேண்டும்), கலி 4977 (3101 கழிக்க வேண்டும்), கொல்லம் 1052 (824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் 825), வருவாய்க் கணக்கின் ஆண்டான பசலி 1286 (590 கூட்ட வேண்டும், பசலி ஜூலை 1-இல் பிறக்கும்). சக, கலி ஆண்டுகளைச் சிலர் கழிந்த ஆண்டாகவும் சிலர் நடப்பு ஆண்டாகவும் எழுதியிருப்பதால் ஒன்று கூடவோ குறையவோ வரும்.

வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தாது என்பது 1816, 1876, 1936, 1996. ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று ஊரில் சொன்னால் 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம்தான். ஆனால் ‘தாது வருஷம் குளம் வெட்டினது’ என்று ஒரு கல் சொன்னால் எந்தத் தாது என்று வேறு சான்றைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

அளவைகளை அவசரப்பட்டு ஏக்கராக்காதீர்கள். வேலி என்ற நில அளவில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்ற பின்னம் நிலையானது. வேலியின் பரப்பு அப்படியல்ல, அளந்த கோலைப் பொறுத்தது. பன்னிரு சாண் கோலும் உண்டு, பதினாறு சாண் கோலும் உண்டு. ‘காணி’யோ ஓரிடத்தில் பின்னம், ஓரிடத்தில் நிலவுரிமை, பிற்காலச் செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 1.32 ஏக்கர் அளவு.

5. வருவாய்ப் பதிவுகள்

கடைசி இருநூறு ஆண்டுக்கு இவைதான் முதுகெலும்பு. ஊரில் கோயில் மானியம், ஊழிய மானியம், சத்திர மானியம் எதாவது இருந்தால் இனாம் (வரி நீக்கியோ குறைத்தோ தந்த மானிய நிலம்) பதிவேட்டை முதலில் தேடுங்கள். சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் 1858-இல் அமைந்தது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு பரப்பு, யார் கொடுத்தது, அப்போது அனுபவித்தவர் யார் என்ற விவரமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். ஆனால் நினைவில் வையுங்கள்: அது உரிமை கோரியவர்கள் அதிகாரி முன் சொன்னது. கொடையின் பழமையை நிரூபித்தால் மானியம் நிலைக்கும் என்ற நிலையில் ‘திருமலை நாயக்கர் கொடுத்தது’ என்று சொல்ல எல்லோருக்கும் காரணம் இருந்தது. 1860-களில் யார் கையில் நிலம் இருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. இருநூறு ஆண்டுக்கு முன் யார் கொடுத்தார் என்பதற்குப் பலவீனமான சான்று.

அடுத்தது செட்டில்மெண்ட் பதிவேடு (வரி நிர்ணயப் பதிவு), புலப்படம் (நில வரைபடம்), ‘அ’ பதிவேடு (சர்வே எண்வாரியான நில விவரம்), அடங்கல் (ஆண்டுதோறும் எழுதும் சாகுபடிக் கணக்கு). 1979-க்குப் பின் நடந்த யூ.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் சர்வே எண்ணும் உட்பிரிவும் மாறின. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீடு செய்யாமல் இரண்டு பதிவேடுகளைச் சேர்த்துப் படித்தால் குளம் இருந்த இடத்தில் வீடும், சுடுகாட்டில் தோப்பும் வரும். நிலத்தின் பெயர்க்காரணம் (சமணப் பள்ளி போன்றவற்றுக்கு விட்ட ‘பள்ளிச்சந்தம்’, கோயிலுக்கு விட்ட ‘தேவதானம்’, ‘வண்ணான் மானியம்’) பழைய பதிவேட்டில்தான் இருக்கும்.

ஜமீன் கிராமம் என்றால் இந்தப் பாதை அடைபடும். ரயத்துவாரி (அரசு நேரடியாகக் குடியானவரிடம் வரி வாங்கும் முறை) நில அளவை அங்கே பெரும்பாலும் 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. பதிவேடு இல்லை என்பதால் ஊரே இல்லை என்று ஆகாது. ஜமீன் கணக்குகளையும், அதைவிட முக்கியமாக வழக்குத் தீர்ப்புகளையும் பாருங்கள். ஜமீன்தாரும் குடிகளும் சண்டை போட்ட இடத்தில்தான் காகிதம் அதிகம் விளைந்திருக்கிறது.

6. ஆவணக்காப்பகமும் நூலகங்களும்

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கு ‘எங்கள் ஊர்க் கோப்பு வேண்டும்’ என்று போனால் ஒன்றும் நடக்காது. துறை, அரசாணை எண், தேதி மூன்றும் வேண்டும். அவற்றை அந்தந்த ஆண்டின் துறைச் சுட்டியிலிருந்து எடுக்க வேண்டும். முதல் இரண்டு நாளைச் சுட்டிக்கு மட்டுமே ஒதுக்குங்கள். நிலம், பாசனம், பஞ்சம் பற்றிய விஷயங்களுக்கு 1786 முதல் 1980 வரை இயங்கிய வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள் தனி வரிசை. ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பம், அடையாளச் சான்று, நிறுவனக் கடிதம் தேவைப்படலாம். படம் எடுக்கும் விதி இடத்துக்கு இடம் மாறும். போகும் முன் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள்.

கோப்பு வந்ததும் மேலே இருக்கும் ஆணையை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஆணை இரண்டே வரி இருக்கும். அதற்குக் கீழே கலெக்டரின் அறிக்கை, தாசில்தாரின் கடிதம், எல்லாவற்றுக்கும் அடியில் ஊர்க்காரர்களின் மனு. அந்த மனுதான் ஊரின் குரலுக்கு மிக அருகில் வருவது. அதையும் மனு எழுதுகிறவர் தன் வாய்பாட்டில் எழுதியிருப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: அச்சுப் பிரசுரம், பழைய இதழ், துண்டறிக்கைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஓலைச்சுவடிகளுக்கும் கும்பினி அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய ஊர்க் கைபீதுகளுக்கும் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம். தஞ்சை மராட்டியர் காலத்துக்குச் சரசுவதி மகாலின் மோடி (மராத்தியை விரைந்து எழுதும் எழுத்து முறை) ஆவணங்கள். இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலங்கைக்கு ஆள் போன ஊர் என்றால் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் ‘நூலகம்’ திட்டத்தின் தளத்தையும் விடாதீர்கள். 1951 முதலான மாவட்ட மக்கள்தொகைக் கையேடுகளில் ஊர்வாரியான எண்ணிக்கை கிடைக்கும்.

மின்னூல்களில் சொல் தேடி ‘இல்லை’ என்று வந்தால் நம்பாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களைக் கணினி தவறாகப் படிக்கும். பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வழியில்லை. சுவடியில் சிக்கல் இன்னும் அதிகம்: புள்ளி இருக்காது, எகர ஒகரக் குறிலும் நெடிலும் ஒன்றுபோல் இருக்கும், ரகரமும் காலும் குழம்பும். ஊர்ப் பெயர் அந்த எழுத்தில் இருந்தால் இரண்டு வாசிப்பையும் எழுதி வையுங்கள்.

7. வாய்மொழி

பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தவறும். நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். ‘தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு முன்னா பின்னா?’ என்றால் 1964 டிசம்பருக்கு இப்பாலா அப்பாலா என்று தெரிந்துவிடும். ஒரே கேள்வியை ஊர்த்தெருவில் ஒருவரிடமும் காலனியில் ஒருவரிடமும், திருமணமாகி வந்த பெண் ஒருவரிடமும் கேளுங்கள். மூவரும் ஒத்துச் சொல்வதைவிட, மூவரும் மாறுபடும் இடம்தான் மேலும் தோண்ட வேண்டிய இடம். பதிவு செய்யும் முன் சம்மதம் கேளுங்கள். பெயரைப் போடலாமா என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

8. எடைபோடுதல்

முதன்மைச் சான்று என்றாலே உண்மை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உத்தரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-இல், வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. அவற்றைக் காட்டி ‘அன்றே மக்களாட்சி’ என்று மேடையில் பேசுவது நடக்கிறது. கல்வெட்டை முழுதாகப் படித்தால் தெரிவது வேறு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் தகுதிகள். அது ஒரு பிரமதேயத்தின் (பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த ஊரின்) சபை. முதல் கல்வெட்டில் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று மாறுகிறது. முதல் விதி ஏதோ ஒரு வகையில் சரிப்படவில்லை என்று ஊகிக்கலாம். இரண்டு முறையும் அரசனின் அதிகாரி உடனிருந்தார். இவை விதிகள், அந்த விதிப்படியே ஆண்டுதோறும் நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டும். ‘செய்யக்கூடாது’ என்று ஓர் ஆணை இருந்தால், யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்றும் படிக்கலாம்.

யார் பேசவில்லை என்றும் பாருங்கள். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் (கைவினைஞர் குடியிருப்பு) வரியில்லா நிலத்தின் பட்டியலில் ஊர்நத்தத்தோடும் சுடுகாட்டோடும் வருகின்றன. அவ்வளவுதான். அங்கே வாழ்ந்தவர்கள் தானம் கொடுக்கவில்லை, கையெழுத்திடவில்லை. எனவே கல்லில் இல்லை. கல்லில் இல்லாததால் ஊரில் இல்லை என்று எழுதினால் அது ஆவணத்தின் குறையை நம் குறையாக்கிக்கொள்வது.

ஒரே நிகழ்ச்சிக்கு எதிரெதிர்ச் சான்றுகள் கிடைத்தால் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட செய்தியில், தேதிக்கும் படை நகர்வுக்கும் கும்பினியின் கடிதங்களை நம்பலாம். அவை அன்றாடம் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல எழுதப்பட்டவை. கட்டபொம்மன் ஏன் எதிர்த்தான் என்பதற்கு, தூக்கிலிட்டவர்களின் கடிதத்தை மட்டும் கேட்க முடியாது. கதைப்பாடல் தேதிக்கு உதவாது. அவனை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பதற்கு உதவும்.

பத்து நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சான்று என்று எண்ணாதீர்கள். அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து போங்கள். பெரும்பாலும் பத்தும் ஒரே மாவட்டக் கையேட்டில் போய் முடியும். அந்தக் கையேடோ ‘என்று உள்ளூரில் சொல்கிறார்கள்’ என்று எழுதியிருக்கும். மொழிபெயர்ப்பிலும் இதே கவனம் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டால், அது பிள்ளை எழுதாத தமிழ்.

9. குறிப்பு எடுக்கும் முறை

ஒரு சான்றுக்கு ஓர் அட்டை அல்லது ஓர் எக்செல் வரி. அதில் இவை கட்டாயம்: ஆவணத்தின் முகவரி (ஆண்டறிக்கை ஆண்டும் எண்ணும், அல்லது அரசாணை எண், துறை, தேதி), எங்கே எந்த நாளில் பார்த்தீர்கள், பார்த்தது மூலமா நகலா சுருக்கமா, ஆவணத்தின் காலம், அதில் உள்ளபடியே சொற்கள். உங்கள் விளக்கம் வேறு கலத்தில். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் ஆறு மாதம் கழித்து எது கல்வெட்டின் சொல், எது உங்கள் சொல் என்று உங்களுக்கே தெரியாது. படங்களுக்கு ஊர், இடம், கல் எண், தேதி என்ற வரிசையில் பெயரிடுங்கள். போன் கொடுக்கும் எண்ணோடு விட்டுவிடாதீர்கள்.

கடைசிக் கலத்தில் உறுதி, வாய்ப்பு அதிகம், ஐயம் என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நூல் எழுதும்போது அந்தச் சொல் வாக்கியத்துக்குள்ளும் வரட்டும். ‘ஏரி 1013–14-க்கு முன்பே இருந்தது, அந்த ஆண்டுக் கல்வெட்டு அதை எல்லையாகச் சொல்கிறது’ என்பது சரி. ‘ஏரியை ராஜராஜன் வெட்டினான்’ என்பதற்கு அந்தக் கல்வெட்டில் இடமில்லை. எழுதி முடித்ததும் அட்டைகளின் ஒரு நகலைக் கிளை நூலகத்தில் கொடுத்து வையுங்கள். அடுத்த திருப்பணிக்குப் பிறகு அந்தச் சுவர் இதே மாதிரி இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.